பாங்கொக்கிற் கூடிய ஐவர்

அடுத்துள்ள நாட்டை ஆளும் வேந்தன் இயல்பாகவே பகைவனாவான். அவனுக்கு அப்பாலுள்ள நாட்டின் வேந்தன் நட்பாவான். அர்த்தசாத்திரம் செய்த கௌடலியர் அயல்நாடுகளைப் பற்றி வகுத்த கோட்பாடு இதுவே. எல்லை ஒட்டிக் கிடக்குமிடத்து வழக்கும் ஒட்டிக் கிடக்கும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். உலக வரலாற்றில் அவர் கூற்றுக்குச் சான்றுகள் மிகப் பல. ஆயினும், அக்கூற்றைப் பொய்யாக்க முயன்று பெரும்பகுதி வெற்றியுங் கண்ட அயலவரும் சிலர் உளர். 1967ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 8ஆம் நாள் தாய்லாந்தின் தலைநகராகிய பாங்கொக்கிற் கூடி, ஒரே பிரகடனத்திற் கையொப்பமிட்ட ஐந்து அமைச்சர்களை அத்தகையோர் வரிசையில் வைத்து எண்ணலாம். ஆசியான் எனச் சுருங்க வழங்கும் தென்கிழக்காசிய நாடுகளின் சங்கம் அன்றுதான் பிறந்தது.

இந்தோனீசியா, மலேசியா, சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து என்னும் ஐந்து நாடுகளும் நெடுங்கால நண்பர்கள் அல்ல. அவற்றுட் சில, சற்றேறக்குறைய ஓராண்டுக்கு முன்வரை வெளிப்படையான பகைமை பூண்டிருந்தன. அத்தகையோர் ஒன்றுகூடியது எவ்வாறு, கூடி எழுதியது யாது, எழுதாது விட்டது யாது என்பன ஆராயத்தக்கன.

ஐந்து நாடுகளுள் தாய்லாந்து ஒன்றே அந்நியராட்சிக்கு உட்படாதது. இந்தோனீசியாவை ஒல்லாந்தரும், மலாயா, சிங்கப்பூர், வட போர்னியோ, சரவாக் ஆகியவற்றை ஆங்கிலேயரும், பிலிப்பைன்ஸ் தீவுகளை முதலில் ஸ்பானியரும் பின்னர் அமெரிக்கரும் ஆண்டனர். கடலால் இணைந்து கிடந்த மக்களை ஏகாதிபத்தியங்களின் எல்லைக் கோடுகள் பிரித்துவைத்தன. மணிலாவில் வாழ்ந்த அறிஞருக்கு வாஷிங்டன் அண்மையிலும் ஜகார்த்தா சேய்மையிலும் இருந்தன. விடுதலை பெற்ற நாடுகள் கண் விழித்துப் பார்த்தபோது, தம் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதையே புதிதாக அறிய வேண்டியவையாயின.

அப்பிரதேசத்தின் பாதுகாப்பைப் பற்றி முதலிற் பேசியவர்கள் வெளியார். 1954 செப்டெம்பர் 8இல் மணிலாவில் கையொப்பமான உடன்படிக்கையின்படி சீட்டோ என்னும் படைக் கூட்டணி அமைந்தது. அதன் அங்கத்தவர் எண்மர். அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ், அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, பாகிஸ்தான் ஆகிய ஆறும் தென்கிழக்காசியாவுக்குப் புறம்பானவை. பிலிப்பைன்சும் தாய்லாந்தும் மாத்திரமே அப்பிரதேசத்தைச் சேர்ந்தவை. தென்கிழக்காசியாவின் பெயரைத் தாங்கிய அக்கூட்டணியில் அப்பிரதேசத்தின் மிகப் பெரிய நாடாகிய இந்தோனீசியா சேரவில்லை. எவ்வணியிலும் சேராத வெளிநாட்டுக் கொள்கையை அந்நாடு கைக்கொண்டிருந்தது. 1977இல் சீட்டோ கலைக்கப்பட்டது.

அயலவர் தாமே கூடிய முதல் முயற்சிகளும் நிலைக்கவில்லை. 1961 ஜூலை 31இல் மலாயாவும் பிலிப்பைன்சும் தாய்லாந்தும் தென்கிழக்காசியச் சங்கம் என ஒன்றை நிறுவின. அதே ஆண்டு மே மாதத்தில், மலாயாவின் பிரதம மந்திரி துங்கு அப்துல் ரகுமான், மலாயாவோடு சிங்கப்பூரையும் போர்னியோவின் பிரித்தானியப் பகுதிகளையும் இணைத்து ஒரு கூட்டாட்சி காணும் யோசனையை வெளியிட்டிருந்தார். இந்த யோசனை இரு அயலவரைக் கிளர்ந்தெழச் செய்தது. வட போர்னியோ, அஃதாவது இன்றைய சபா, சூலு சுல்தானின் வழியாகத் தமக்கு உரியது எனப் பிலிப்பைன்ஸ் 1962 ஜூனில் உரிமை கோரிற்று. புதிய கூட்டாட்சி பிரித்தானியர் தம் செல்வாக்கை நிலைநிறுத்தச் செய்த சூழ்ச்சி என இந்தோனீசிய அதிபர் சுகர்ணோ கருதினார். 1963 ஜனவரியில், அவருடைய வெளிநாட்டமைச்சர் சுபாந்திரியோ மலேசியத் திட்டத்தை எதிர்க்கும் கொள்கையைப் பிரகடனஞ் செய்தார். ‘கொன்பிரொந்தாசி’ என்னும் பெயரால் வரலாற்றில் நிலைத்த எதிர்ப்பியக்கம் அதுவே.

இடையிலே சமரசத்துக்கு ஒரு வாய்ப்புத் தோன்றியது. 1963 ஜூலை இறுதியிலும் ஓகஸ்ட் தொடக்கத்திலும் துங்குவும் சுகர்ணோவும் பிலிப்பைன்ஸ் அதிபர் மக்கபகாலும் மணிலாவிற் சந்தித்தனர். மூன்று நாடுகளின் பெயர்களையும் சேர்த்து ‘மபிலிந்தோ’ என ஓர் இணைப்புக்குப் பெயரிட்டனர். சபா, சரவாக் மக்களின் விருப்பத்தை ஐக்கிய நாடுகள் சபையின் குழுவொன்று அறிந்து கூறவேண்டும் என்றும் உடன்பட்டனர். குழு சென்றது. ஆனால் அது தன் முடிவை வெளியிடுவதற்கு முன்னரே, செப்டெம்பர் 16இல் மலேசியா உதயமாகும் என்று கோலாலம்பூர் அறிவித்துவிட்டது. மக்களிற் பெரும்பான்மையோர் மலேசியாவை விரும்புகின்றனர் என்றே குழுவும் முடிவு கூறிற்று. இருந்தும், தன்னை மதியாது நாள் குறித்தனர் என்ற சினம் ஜகார்த்தாவில் மூண்டது. மலேசியா பிறந்த இரண்டு நாட்களில் ஜகார்த்தாவிலிருந்த பிரித்தானியத் தூதரகம் தீக்கிரையாயிற்று. பேச்சில் உடன்பட்ட ஒழுங்கை நிறைவேற்றும் முறையிற் காட்டிய அவசரமும், பேச்சின் பயனைக் கெடுக்க வல்லது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

பின் வந்த மூன்றாண்டுகள் கொடியவை. போர்னியோவின் காடுகளில் எல்லை தாண்டிய சண்டைகள் நிகழ்ந்தன. 1964 ஓகஸ்டில் மலாயத் தீபகற்பத்தின் பொந்தியான் கரையில் இந்தோனீசியர் வந்திறங்கினர். செப்டெம்பரில் லாபிஸ் அருகே வான்குடை மூலம் குதித்தனர். 1965 மார்ச் 10இல் சிங்கப்பூரின் மக்டொனால்ட் கட்டடத்தில் வெடித்த குண்டு மூவரின் உயிரைக் குடித்தது. பாங்கொக்கிலும் டோக்கியோவிலும் 1964இல் நடந்த சமரசப் பேச்சுகள் பயனின்றிக் கலைந்தன. போதாக்குறைக்கு 1965 ஓகஸ்ட் 9இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடாயிற்று. அப்பிரிவின் கசப்பு இரு கரைகளிலும் எஞ்சியது.

திருப்பம் ஜகார்த்தாவிலிருந்து வந்தது. 1965 செப்டெம்பர் இறுதியில் நிகழ்ந்த கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது. அதன்பின் இந்தோனீசியாவிற் பெருந்தொகையான மக்கள் கொல்லப்பட்டனர். 1966 மார்ச்சில் ஆட்சியதிகாரம் சுகர்ணோவின் கையிலிருந்து தளபதி சுகார்த்தோவின் கைக்கு மாறியது. வெளிநாட்டமைச்சராக வந்த ஆதம் மாலிக், அயலவரோடு கொண்ட பகையால் நாடு பெற்ற பயன் யாதுமில்லை என்று கண்டவர். அதே ஆண்டு மே மாத இறுதியில் அவரும் மலேசியத் துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக்கும் பாங்கொக்கிற் சந்தித்தனர். ஓகஸ்ட் 11இல் ஜகார்த்தாவிற் கையொப்பமான உடன்பாட்டினால் மூன்றாண்டுப் பகை முடிவுக்கு வந்தது. பிலிப்பைன்சும் அவ்வாண்டு ஜூனில் மலேசியாவோடு தூதுறவை மீள ஏற்படுத்திற்று.

இச்சமரசத்துக்கு இடமளித்து உதவியவர் தாய்லாந்தின் வெளிநாட்டமைச்சர் தானாத் கோமன். பகை தீர்ந்ததைக் கொண்டாடிய விருந்தின்போது, பிரதேச ஒத்துழைப்புக்கெனப் புதிய நிறுவனமொன்றை அமைத்தால் என்ன என்று அவர் ஆதம் மாலிக்கிடம் கேட்டதாகவும், மாலிக் தயங்காது இணங்கியதாகவும் அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்.

இருந்தும் பழைய தென்கிழக்காசியச் சங்கத்தில் இந்தோனீசியாவைச் சேர்த்தால் மாத்திரம் போதாதா என்ற கேள்வி எழுந்தது. பிறர் கட்டிய வீட்டுக்குப் பிந்தி வந்த விருந்தினராக நுழைவதை அத்துணைப் பெரிய நாடு விரும்பவில்லை. ஏனைய நான்கு நாடுகளின் மக்கட்டொகையை ஒருங்கே கூட்டினும் அன்றைய இந்தோனீசியாவின் மக்கட்டொகைக்கு ஈடாகாது. அதனால், எல்லாரும் ஒரே நாளில் அடிக்கல் நாட்டும் புதிய வீடு ஒன்று வேண்டியதாயிற்று.

1967 ஓகஸ்ட் தொடக்கத்தில் ஐந்து நாடுகளின் பிரதிநிதிகளும் பாங்சேன் என்னும் கடற்கரை ஊருக்குச் சென்றனர். பாங்கொக்கின் தென்கிழக்கே நூறு கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரத்தில் உள்ளது அவ்வூர். ஆதம் மாலிக், துன் அப்துல் ரசாக், தானாத் கோமன், பிலிப்பைன்ஸ் வெளிநாட்டமைச்சர் நார்சிசோ ராமோஸ், சிங்கப்பூர் வெளிநாட்டமைச்சர் சின்னத்தம்பி இராஜரத்தினம் ஆகியோரே அவ்வைவர். இராஜரத்தினம் 1915இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையிற் பிறந்து மலாயாவில் வளர்ந்தவர். பத்திரிகையாளராக விளங்கிப் பின் அரசியலிற் புகுந்தவர்.

நான்கு நாட்கள் அங்கு ஆரவாரமின்றிப் பேச்சு நடந்தது. காலையிற் கோல்ப் ஆடினர். பின்னர் அமர்ந்து வாதிட்டனர். மாலையில் ஒன்றாக உணவருந்தினர். கழுத்துப்பட்டியும் மேலங்கியுமின்றி, விளையாட்டுச் சட்டை அணிந்து நடத்திய இராஜதந்திரம் எனப் பின்னாளில் அது பேசப்பட்டது. இதனை வெறும் பொழுதுபோக்கு எனக் கொள்ளலாகாது. மேடையில் நின்று சொன்ன சொல்லை மீளப் பெறுதல் அமைச்சருக்கு அரிது. கடற்கரையில் நடந்துகொண்டே சொன்ன சொல்லை மாற்றிக்கொள்வது எளிது. முந்திய மகாநாடுகள் பல பகிரங்கப் பேச்சுகளாலேயே முறிந்ததை அவர்கள் மறந்திலர்.

முட்டுப்பட்ட பொருள்களுள் தலையாயது அந்நியப் படைத்தளங்கள் பற்றியது. பிலிப்பைன்சிற் கிளார்க், சூபிக் ஆகிய இடங்களில் அமெரிக்கத் தளங்கள் இருந்தன. தாய்லாந்தின் விமானத் தளங்களிலிருந்து அமெரிக்க விமானங்கள் வட வியட்நாமைத் தாக்கிக்கொண்டிருந்தன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிரித்தானியப் படைகள் நிலைகொண்டிருந்தன. இந்தோனீசியா ஒன்றே அந்நியத் தளம் எதுவுமின்றி விளங்கிற்று. தளங்களை நிலையானவை என ஏற்கும் பத்திரத்தில் அது கையொப்பமிடுதல் இயலாது; தளங்களை உடனே அகற்றவேண்டும் என்னும் பத்திரத்தில் ஏனையோர் கையொப்பமிடுதல் இயலாது. இறுதியில், அந்நியத் தளங்கள் யாவும் தற்காலிகமானவை என்றும், உரிய நாடுகளின் வெளிப்படையான சம்மதத்தோடு மாத்திரமே இருப்பவை என்றும் முகவுரையில் எழுதப்பட்டது. காலத்தை வரையறுக்காத இவ்வாசகம் எல்லார்க்கும் இடமளித்தது.

அம்மகாநாட்டுக்குச் சில வாரங்களுக்கு முன், 1967 ஜூலையில், மலேசியாவிலும் சிங்கப்பூரிலுமுள்ள தன் படைகளை 1970களின் நடுப்பகுதிக்குள் விலக்கிக்கொள்வதாகப் பிரித்தானியா அறிவித்திருந்தது. 1968 ஜனவரியில் அத்தவணையை 1971 இறுதிக்கு முற்படுத்திற்று. காவலாளி புறப்பட ஆயத்தமாகும் வேளையில், அடுத்த வீட்டாரோடு சமாதானமாயிருத்தலின் அருமை எளிதில் விளங்குமன்றோ?

பிரகடனம் மிகச் சுருக்கமானது. ஐந்தே உறுப்புகள் கொண்டது. பொருளாதார வளர்ச்சி, சமூக முன்னேற்றம், பண்பாட்டு வளர்ச்சி என்பன முதல் நோக்கங்களாகக் கூறப்பட்டன. நீதியையும் சட்டத்தின் ஆட்சியையும் மதித்துப் பிரதேச சமாதானத்தை வளர்த்தல் அடுத்துக் கூறப்பட்டது. வெளியார் தலையீட்டினின்றும் தம் பாதுகாப்பைக் காத்துக்கொள்ளும் உறுதி முகவுரையோடு நின்றது. ஒருவர் தாக்கப்படின் மற்றவர் படையனுப்பவேண்டும் என்ற கடப்பாடோ, கூட்டுத் தளபதியோ, பொதுப் படையோ எதுவும் அதில் இல்லை.

பாதுகாப்பை நாடிக் கூடியவர்கள் படைகளைப் பற்றி மௌனஞ் சாதித்தமைக்குத் தக்க காரணங்கள் இருந்தன. படைக் கூட்டணி எனின் அஃது இன்னொரு சீட்டோ எனத் தோன்றும்; வட வியட்நாமும் சீனாவும் அதனைத் தமக்கெதிரானது எனக் கொள்ளும். இது முதற் காரணம். நாடுகளுள்ளே கிளர்ச்சிகள் வறுமையில் வேரூன்றியவை. ஆகவே மக்கள் நல்வாழ்வு பெறுதலே முதற் பாதுகாப்பு என்ற எண்ணம் இரண்டாவது. எல்லாவற்றினும் ஆழமான காரணம் வேறொன்று. அன்று ஒவ்வொரு நாடும் அஞ்சியது பெரும்பாலும் அதே மேசையில் இருந்த மற்றொரு நாட்டையே. சிங்கப்பூர் தன் இரு பெரிய அயலவரையும் ஐயுற்றது. மலேசியா இந்தோனீசியாவையும் பிலிப்பைன்சையும் ஐயுற்றது. யாருக்கு அஞ்சுகின்றோமோ அவரோடு படைக் கூட்டணி அமைத்தல் ஆகாது. முதலில் அச்சத்தைக் குறைத்தல் வேண்டும். அதற்கு அடிக்கடி சந்தித்தல் வேண்டும். சந்திப்பதற்கு வணிகம், பயிர்த்தொழில், கல்வி போன்ற தீங்கற்ற காரணங்கள் வேண்டும். பிரகடனம் அக்காரணங்களை வழங்கிற்று.

கையொப்பமிட்ட வேளையில், இப்பத்திரம் ஐவரின் நல்லெண்ணத்தையும் பொறுமையையும் பெரிதும் சோதித்தது என ராமோஸ் ஒளிவுமறைவின்றிக் கூறினார். நாட்டுச் சிந்தனையோடு பிரதேசச் சிந்தனையையும் இணைத்துக்கொள்ள வேண்டும் என்றும், அதற்காக வேதனையான மாற்றங்களையும் ஏற்க நேரும் என்றும் இராஜரத்தினம் எச்சரித்தார்.

சோதனை விரைவில் வந்தது. 1968இல் சபா உரிமை வழக்கு மீண்டும் மூண்டு, மலேசியாவும் பிலிப்பைன்சும் தூதுறவைத் துண்டித்தன. சங்கத்தின் அமைச்சர் கூட்டம் தாமதமாயிற்று. ஆயினும் எவரும் சங்கத்தை விட்டு விலகவில்லை. 1969 டிசெம்பரில் மலேசியாவின் கமரன் மலைப்பிரதேசத்தில் அமைச்சர்கள் கூடியபோது தூதுறவு மீண்டும் ஏற்பட்டது. வழக்கு தீரவில்லை, ஆனால் வழக்கு இருக்கவே உறவு தொடரலாம் என்பது தெளிவாயிற்று.

இரண்டாவது சோதனை உணர்ச்சியைக் கிளறவல்லது. மக்டொனால்ட் கட்டடத்துக் குண்டுவெடிப்புக்காக இரு இந்தோனீசியக் கடற்படை வீரர்களுக்குச் சிங்கப்பூர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அவர்களை மன்னிக்குமாறு சுகார்த்தோ தூதனுப்பி வேண்டினார். மன்னித்தாற் சிறிய நாட்டின் சட்டம் பெரிய நாட்டுக்குப் பணிந்ததாகும் எனக் கருதிய சிங்கப்பூர், 1968 ஒக்டோபர் 17இல் தண்டனையை நிறைவேற்றியது. ஜகார்த்தாவிற் சிங்கப்பூர்த் தூதரகம் சூறையாடப்பட்டது. இருப்பினும் சுகார்த்தோ பழைய பகைக் கொள்கைக்குத் திரும்பினாரல்லர். 1973 மே மாதத்தில் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூ ஜகார்த்தா சென்று, அவ்விரு வீரரின் கல்லறைகளில் மலர் தூவினார். சட்டத்தை விட்டுக்கொடாத சிங்கப்பூர் துயரத்துக்கு மதிப்பளித்தது; இந்தோனீசியா அம்மதிப்பை ஏற்றுக்கொண்டது.

இவ்வாறு வளர்ந்த நம்பிக்கையின் மேலேதான் பாதுகாப்புப் பற்றிய பேச்சு படிப்படியாக எழுந்தது. 1971 நவம்பர் 27இல் கோலாலம்பூரில், தென்கிழக்காசியாவைச் சமாதானமும் சுதந்திரமும் நடுநிலைமையும் நிலவும் வலயமாக்கும் குறிக்கோள் அறிவிக்கப்பட்டது. 1975இல் சைகோன் வீழ்ந்தபின், 1976 பெப்ரவரியில் அரசாங்கத் தலைவர்கள் முதன்முறையாகப் பாலித் தீவிற் கூடினர். நட்புறவு ஒத்துழைப்பு உடன்படிக்கை அங்கு கையொப்பமாயிற்று. ஒருவர் உள்நாட்டு விவகாரத்தில் மற்றவர் தலையிடாமை, பிணக்குகளை அமைதியாகத் தீர்த்தல், பலப்பிரயோகத்தைக் கைவிடுதல் என்பன அதன் கொள்கைகள். படைத்துறை ஒத்துழைப்பைச் சங்கத்துக்குப் புறம்பாக, இருவர் இருவராகத் தத்தம் தேவைக்கேற்ப நடத்திக்கொள்ளலாம் என்றும் அங்கே முடிவாயிற்று. எல்லைக் காவலும் கடற்காவலும் இம்முறையிலேயே வளர்ந்தன. 2004ஆம் ஆண்டு முதல் மலாக்கா நீரிணையில் இந்தோனீசியாவும் மலேசியாவும் சிங்கப்பூரும் ஒழுங்கிணைந்த கடற்காவல் நடத்தத் தொடங்கின. ஒரு காலத்தில் ஒன்றன் கரையில் மற்றொன்று படையிறக்கிய கடல் அது.

சங்கத்தின் தீர்மான முறையும் குறிப்பிடத்தக்கது. வாக்கெடுப்பு அங்கே இல்லை. ஊர்ப் பெரியோர் கூடி, எல்லாரும் இணங்கும்வரை பேசும் மலாய், ஜாவா மரபே பின்பற்றப்பட்டது. இதனாற் பெரிய நாடு சிறியதை வாக்கினால் அமுக்க முடியாது. ஆனால் ஒருவர் மறுத்தாலும் காரியம் நின்றுவிடும். உடன்படிக்கை வகுத்த பிணக்குத் தீர்க்கும் உயர் குழு ஒருமுறையேனும் கூடவில்லை. சிப்பதான், லிகித்தான் தீவுகளைப் பற்றிய இந்தோனீசிய மலேசிய வழக்கு ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்திலே 2002இல் தீர்ந்தது. பெத்ரா பிராங்கா தீவைப் பற்றிய சிங்கப்பூர் மலேசிய வழக்கு 2008இல் அங்கேயே தீர்ந்தது. அயலவரைக் கொண்டு தீர்ப்புச் சொல்விக்க அவர்கள் துணியவில்லை, ஆயினும் வாளெடுக்கவுமில்லை.

தலையிடாமை என்னும் கொள்கைக்குக் கொடுத்த விலையையும் மறைத்தலாகாது. 1975 டிசெம்பரில் இந்தோனீசியப் படைகள் கிழக்குத் திமோரிற் புகுந்தன. அம்மக்கள் அடைந்த துன்பம் கொடிது. சங்கம் அதனைக் கண்டிக்கவில்லை. 2002இல் சுதந்திரம் பெற்ற அந்நாடு, 2025 ஒக்டோபரில் சங்கத்தின் பதினொராவது அங்கத்துவ நாடாக ஏற்கப்பட்டது. கதவு திறந்தது, எனினும் அதற்கு முன் நிலவிய மௌனமும் வரலாற்றில் இடம்பெறவே செய்யும். மியன்மாரில் 2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின், ஏப்ரலில் ஜகார்த்தாவில் வகுத்த ஐந்து அம்ச இணக்கம் அங்கு வன்முறையை நிறுத்தவில்லை. 2025 ஜூலையில் தாய்லாந்தும் கம்போடியாவும் எல்லையிற் பொருதன. மலேசியாவின் முயற்சியால் அம்மாதம் 28இல் ஏற்பட்ட போர்நிறுத்தம் நீடிக்கவில்லை. டிசெம்பரில் மீண்டும் சண்டை மூண்டது.

இக்குறைகளை ஒருபுறம் வைத்து, மறுபுறம் வேறு சிலவற்றையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். பிரகடனத்தில் முதலிற் கையொப்பமிட்ட ஐந்து நாடுகளுக்கிடையே 1967க்குப் பின் போர் மூளவில்லை. கம்போடியப் பிரச்சினையிற் சங்கம் பல்லாண்டுகள் எதிர்த்து நின்ற வியட்நாம், 1991இற் பாரிஸ் உடன்படிக்கைகள் கையொப்பமானபின், 1995 ஜூலையில் அதே சங்கத்தின் அங்கத்துவ நாடாயிற்று. 1994இல் பாங்கொக்கில் முதன்முறை கூடிய ஆசியான் பிரதேச மன்றத்தில் வல்லரசுகளும் வந்து அமர்ந்தன. இலங்கை 2007இல் அம்மன்றத்திற் சேர்ந்தது.

அயலவரிடையே வழக்குகள் ஒருநாளில் தீர்வனவல்ல. சபா உரிமை வழக்கு 1962இல் எழுந்தது. ஐவரும் கூடியபோதும் அது தீர்ந்திருக்கவில்லை, அவர்கள் மறைந்த பின்னரும் அது முற்றாக முடியவில்லை. வழக்குத் தீரட்டும், பின்னர் கூடுவோம் என்று அவர்கள் காத்திருந்தாற் பாங்கொக்கில் எவரும் கூடியிருக்கமாட்டார்கள். தீராத வழக்கை வைத்துக்கொண்டே மறு ஆண்டும் சந்திப்பதற்கு நாள் குறித்தனர். குறித்த நாளுக்குச் சற்றுத் தாழ்த்தேனும் வந்து சேர்ந்தனர். அப்பிரதேசத்தின் பாதுகாப்பு அவ்வழக்கத்தினாலேயே பெரிதும் உருவாயிற்று எனலாம்.